நரம்பெடுத்த பல்லும் வலிக்கும்: மருந்துக்கடைக் கவரில் எது தேறும், எது தேறாது?

"நரம்பையே எடுத்தாச்சு, அப்புறம் எப்படி டாக்டர் வலிக்கும்?" ரூட் கெனால் முடித்து வீடு திரும்பியவர்கள் மறுநாள் காலையில் போன் போட்டுக் கேட்கும் கேள்வி இது. விடை தெரியாமலே மருந்துக்கடைக்குப் போனால், கவர் நிறைய வாங்கி வருவதில் பாதி வீண். கிராம்புத் தைலம், கூச்சத்துக்கான பற்பசை, மரத்துப்போக வைக்கும் ஜெல், கடைக்காரர் கத்தரித்துக் கொடுக்கும் 'செட்டு' மாத்திரை என்று அந்தக் கவரில் கிடப்பதை ஒவ்வொன்றாக எடைபோடலாம். அதற்கு முன் அந்த விடை.

பல் தாடை எலும்பில் நேரடியாக ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை. இரண்டுக்கும் நடுவே மெல்லிய நார்த்திசு ஒன்று இருக்கிறது. கனம் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர்தான். அதற்கென்று தனி நரம்புகள் உண்டு. வேர் சிகிச்சையில் எடுப்பது பல்லுக்குள் இருக்கும் கூழையும் நரம்பையும் மட்டும்தான், வெளியே உள்ள நார்த்திசு அப்படியே இருக்கிறது. உள்ளே ஃபைல் என்ற மெல்லிய அரத்தை ஓட்டும்போதும், கிருமி கொல்லும் ஹைப்போகுளோரைட் கரைசலால் கழுவும்போதும், வேர் நுனிக்கு வெளியே கொஞ்சம் தூளும் கிருமியும் தள்ளப்படும். அந்த இடம் வீங்கும். சுளுக்கிய கணுக்காலைத் தரையில் ஊன்றினால் எப்படி வலிக்குமோ, அப்படித்தான் கடித்தால் இந்தப் பல் வலிக்கிறது.

ஆகவே உரைகல் ஒன்றே: வீக்கத்தைக் குறைக்கிறதா, பல்லின் மேல் விழும் சுமையைக் குறைக்கிறதா? இரண்டும் இல்லாமல் பல்லுக்குள் இருக்கும் நரம்பைக் குறிவைக்கும் பொருளுக்கு அங்கே வேலையே இல்லை. ஆள் காலி செய்துவிட்டுப் போன வீட்டின் கதவைத் தட்டுவது போல.

காம்பிஃபிளாம்: முதலிடம்

ஒரு மாத்திரையில் ஐபுபுரூஃபன் 400 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி. இந்த வலிக்கு இதைவிடப் பொருத்தமான சேர்க்கை கவுண்டரில் கிடைப்பது அரிது. ஐபுபுரூஃபன் வேர் நுனியில் நடக்கும் அழற்சியை அடக்குகிறது, பாராசிட்டமால் வேறு வழியில் வலியைக் குறைக்கிறது. இரண்டும் சேரும்போது தனித்தனியாகச் செய்வதைவிட அதிகம் செய்கின்றன. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் கடும் பல் வலிக்கு முதல் தேர்வாக ஐபுபுரூஃபன் 400ஐத் தனியாகவோ பாராசிட்டமால் 500உடன் சேர்த்தோ தான் சொல்கிறது.

பலரும் கோட்டை விடுவது நேரத்தில். வலி உச்சிக்கு ஏறிய பிறகு விழுங்கினால் மாத்திரை துரத்திப் பிடிக்க ஒரு மணி நேரமாவது ஆகும். கீழ்த்தாடையில் போட்ட ஊசியின் மரமரப்பு மூன்றிலிருந்து ஐந்து மணி நேரம் நிற்கும். அது விடுவதற்குள் முதல் மாத்திரை வயிற்றுக்குள் போயிருக்க வேண்டும். பிறகு எட்டு மணி நேரத்துக்கு ஒன்று, காலை 7, மதியம் 3, இரவு 11 என்று கடிகாரம் பார்த்து, இரண்டு நாள். மூன்றாம் நாள் தேவைப்பட்டால் மட்டும். வெறும் வயிற்றில் வேண்டாம். இட்லியோ தயிர் சாதமோ உள்ளே போன பிறகு, ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு. மரமரப்பு முழுதும் விடும் முன் சாப்பிட உட்கார்ந்தால் நாக்கையும் கன்னத்தையும் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வீர்கள். அதனால் முதல் மாத்திரைக்கு முன் மெல்லத் தேவையில்லாத கஞ்சியோ மோரோ, அதுவும் கொதிக்கக் கொதிக்க இல்லாமல்.

எல்லோருக்கும் ஆகாது என்பதுதான் இதன் குறை. வயிற்றுப்புண் வந்தவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், இதயம் பலவீனமானவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள், ஆஸ்பிரின் வகையால் மூச்சிரைப்பு வருபவர்கள், கர்ப்பிணிகள் தாமாக வாங்கி விழுங்கக் கூடாது. டெல்மிசார்ட்டன் போன்ற ரத்த அழுத்த மாத்திரையோடு நீர் பிரியும் மாத்திரையும் எடுப்பவர்களுக்கு ஐபுபுரூஃபனும் சேர்ந்தால் சிறுநீரகம் மும்முனையிலும் அடி வாங்கும். இதயத்துக்காக தினமும் ஈகோஸ்பிரின் (ஆஸ்பிரின்தான்) எடுப்பவர்களுக்கு வேறொரு சிக்கல்: ஐபுபுரூஃபன் குறுக்கே நின்று ஆஸ்பிரினின் வேலையைக் கெடுக்கக்கூடும். மழைக்காலத்தில் காய்ச்சலும் சேர்ந்திருந்தால் டெங்கு இல்லை என்று தெரியும் வரை இதைத் தொடக் கூடாது. பல் டாக்டரிடம் போகும்போது மற்ற மாத்திரைகளின் அட்டைகளையும் கையோடு கொண்டுபோகச் சொல்வது இதற்காகத்தான்.

டோலோ 650: தனியாக என்றால் சுமார், மாற்றாக என்றால் நல்லது

பாராசிட்டமால் மட்டும்தான், அழற்சியை அடக்காது. மேலே சொன்ன பட்டியலில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் கையில் மிஞ்சுவது இதுதான். ஆறு மணி நேரத்துக்கு ஒன்று, நாளைக்கு நான்கைத் தாண்டாமல். கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் தினமும் குடிப்பவர்களும் அதைவிடக் குறைவாக, டாக்டரைக் கேட்டு.

தவறு நடப்பது கலப்பதில். காம்பிஃபிளாமில் ஏற்கெனவே பாராசிட்டமால் இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. நாளைக்கு மூன்று காம்பிஃபிளாம் என்றால் 975 மி.கி. வலி அடங்கவில்லை என்று நான்கு டோலோவும் சேர்த்தால் இன்னொரு 2,600. மொத்தம் 3,575 மி.கி. பெரியவர்களுக்கான எல்லை 4,000. சளி, காய்ச்சலுக்கு என்று நடுவில் ஒரு மாத்திரை போட்டால் எல்லை தாண்டிவிடும், ஏனென்றால் அதற்குள்ளும் இதே சரக்குதான் இருக்கும்.

கெட்டோரால் டி.டி.: முதல் ராத்திரிக்கு மட்டும்

கெட்டோரோலாக் 10 மி.கி., தண்ணீரில் கரைத்துக் குடிப்பது. வேகமாகக் கேட்கும். பல் டாக்டர்கள் விரும்பி எழுதுவதும் அதனால்தான். கேட்கிறதே என்று வாரக்கணக்கில் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள், அங்கேதான் ஆபத்து. ஐந்து நாளுக்கு மேல் போகவே கூடாத மருந்து இது. வயிற்றில் ரத்தக்கசிவையும் சிறுநீரகத்தில் பாதிப்பையும் மற்ற வலி மாத்திரைகளைவிட எளிதில் உண்டாக்கும். காம்பிஃபிளாமும் இதுவும் ஒரே இனம் என்பதால் இரண்டையும் ஒரே நாளில் கலக்கக் கூடாது. டாக்டர் எழுதினால் எழுதிய எண்ணிக்கைக்கு மட்டும்.

ஜீரோடால் எஸ்.பி.: பாதி மருந்து, பாதி நம்பிக்கை

"பல் வலிங்க, ஏதாவது குடுங்க" என்றால் கவுண்டரில் முதலில் கைக்கு வருவது இதுதான். ஐபுபுரூஃபன் இனத்தைச் சேர்ந்த அசெக்ளோஃபெனாக் 100, பாராசிட்டமால் 325, செராஷியோபெப்டிடேஸ் 15 மி.கி. முதல் இரண்டும் வேலை செய்யும். மூன்றாவது பட்டுப்புழுவின் குடலில் வாழும் பாக்டீரியாவிலிருந்து எடுத்த நொதி, வீக்கத்தைக் கரைக்கும் என்பது அதன் புகழ். இந்த நொதியை ஜப்பானில் டான்சென் என்ற பெயரில் விற்றுக்கொண்டிருந்த தக்கேடா நிறுவனம், வெற்று மாத்திரையைவிட இது மேல் என்று நிரூபிக்க முடியாமல் 2011இல் சந்தையிலிருந்து தானே திரும்பப் பெற்றுக்கொண்டது. நம் ஊரில் இன்னும் கொடிகட்டிப் பறக்கிறது. எடுத்தால் பெரிய கெடுதல் இல்லை, ஆனால் எஸ்.பி.க்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசுக்குப் பலன் தேடாதீர்கள். நொதி இல்லாத ஜீரோடால் பி. அதே வேலையைச் செய்யும், பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. இதோடு காம்பிஃபிளாம் சேரக் கூடாது.

நிமசுலைடு மாத்திரையை இந்த வலிக்குத் தேடிப் போக வேண்டிய அவசியமே இல்லை. கல்லீரலைப் பாதிக்கும் சந்தேகத்தால் 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அதைக் கொடுக்க இந்தியாவில் 2011இலேயே தடை வந்துவிட்டது.

ஆன்டிபயாட்டிக்: 'செட்டில்' இருந்தால் திருப்பிக் கொடுங்கள்

கத்தரித்த செட்டில் அமாக்ஸிசிலினோ, ஆக்மென்டின் 625ஓ, மெட்ரோனிடசோலோ ஒன்றிரண்டு கிடக்கும். கடித்தால் மட்டும் வலிக்கிறது, வீக்கமில்லை, காய்ச்சலில்லை என்றால் இதற்குச் சம்பந்தமே கிடையாது. ஆன்டிபயாட்டிக் கிருமிக்கு எதிரானது, வலிக்கு அல்ல. கூழை எடுத்துவிட்ட பல்லுக்குள் ரத்த ஓட்டமும் இல்லை, மருந்து அங்கே போய்ச் சேரவும் வழியில்லை. தாடையில் பரவும் வீக்கம், காய்ச்சல், கழுத்தில் நெறி கட்டுதல் இருந்தால்தான் தேவை. அப்போதும் இரண்டு மாத்திரை போதாது, டாக்டர் சொன்ன நாள் வரை, சீழை வெளியேற்றும் சிகிச்சையோடு சேர்த்து. மெட்ரோனிடசோல் எடுக்கும் நாட்களில் மது தொடக் கூடாது.

கிராம்புத் தைலம், கூச்சப் பற்பசை, ஜெல்

கிராம்புத் தைலத்தின் மேல் நமக்கெல்லாம் பாட்டி காலத்துப் பாசம். சொத்தைப் பல்லில் உயிருள்ள நரம்பு இருக்கும்போது அதிலுள்ள யூஜினால் உண்மையாகவே மரக்க வைக்கும். பல் கிளினிக்கில் அடிக்கும் வாசனைகூட இதுதான், சிங்க் ஆக்சைடோடு யூஜினால் கலந்துதான் பழைய பாணித் தற்காலிக அடைப்பு செய்கிறார்கள். ஆனால் ரூட் கெனால் முடிந்த பல்லில் மரக்க வைக்க என்ன இருக்கிறது? பஞ்சில் நனைத்து ஈறில் வைத்தால் ஈறு வெந்து வெள்ளையாக உரியும், வலி இரட்டிப்பாகும். பூண்டை நசுக்கி வைப்பதும், ஆஸ்பிரின் மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்குவதும் இதே கணக்கு. குழந்தைகள் உள்ள வீட்டில் பாட்டிலை உயரத்தில் வையுங்கள், கொஞ்சம் விழுங்கினாலும் அவர்கள் கல்லீரலுக்குக் கெடுதி.

பொட்டாசியம் நைட்ரேட் கலந்த கூச்சப் பற்பசைகளும் பல்லுக்குள் இருக்கும் நரம்பைச் சாந்தப்படுத்தத்தான். நரம்பில்லாத பல்லுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. இதை வாங்க நினைக்கும்போதே ஒரு துப்பு கிடைத்துவிடுகிறது: ஐஸ் தண்ணீர் பட்டால் கூசுகிறது என்றால் கூசுவது பெரும்பாலும் பக்கத்துப் பல். டாக்டரிடம் அதைத் தனியாகச் சொல்லுங்கள்.

மரத்துப்போக வைக்கும் லிக்னோகெய்ன் ஜெல்லுக்குச் சின்ன உபயோகம் உண்டு. சிகிச்சையின்போது பல்லைச் சுற்றி விரிக்கும் ரப்பர் டேம் என்ற தாளைப் பிடிக்க மாட்டிய கிளாம்பு ஈறைக் கீறியிருக்கும், அந்த எரிச்சலுக்கு ஓரிரு நாள் தடவலாம். வேர் நுனிக்கு இது இறங்காது.

குளோர்ஹெக்ஸிடின் 0.2 சதவீத வாய்க்கொப்பளிப்பானும் அப்படித்தான், ஈறு புண்ணுக்கு மட்டும்: 10 மில்லி, ஒரு நிமிடம், நாளைக்கு இருவேளை. பல் தேய்த்து அரைமணி நேரம் கழித்துக் கொப்பளிக்க வேண்டும், பற்பசை நுரை அதன் வீரியத்தைக் கெடுக்கும். வாரக்கணக்கில் ஓட்டினால் பல்லில் காபிக் கறை ஏறும். வெதுவெதுப்பான ஒரு டம்ளர் நீரில் அரை ஸ்பூன் உப்பு கிட்டத்தட்ட அதே ஆறுதலைத் தரும், செலவும் இல்லை.

ஒத்தடம் கொடுப்பதானால் முதல் நாள் குளிர் ஒத்தடம்: துணியில் சுற்றிய ஐஸ், கன்னத்துக்கு வெளியே, பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து, அதே அளவு இடைவெளி. தவிட்டு ஒத்தடம், வெந்நீர்ப் பை எல்லாம் வீங்கிய கன்னத்தில் வேண்டாம்.

எந்தக் கடையிலும் கிடைக்காத ஐந்து நிமிட வேலை

மேலே உள்ள எதைவிடவும் அதிகப் பலன் தருவது ஒரு துண்டு நீலக் காகிதம். கடியைப் பார்க்கும் ஆர்ட்டிகுலேட்டிங் பேப்பர். அடைப்போ, பல்லை மூடும் உறையான கேப்போ மயிரிழை அளவு உயரமாக இருந்தாலும், மற்ற பற்கள் சேர்வதற்கு முன் இந்தப் பல் மட்டும் முழுச் சுமையையும் வாங்கும். ஏற்கெனவே வீங்கியிருக்கும் நார்த்திசு நாளெல்லாம் குத்து வாங்கினால் எந்த மாத்திரையும் நிற்காது.

இது அன்றைக்கே ஏன் பிடிபடுவதில்லை? வாய் மரத்துக் கிடக்கும்போது "கடிங்க, சரியா இருக்கா?" என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, தலையாட்டிவிட்டு வந்துவிடுவோம். மறுநாள் வீட்டில் நீங்களே பார்க்கலாம்: நிமிர்ந்து உட்கார்ந்து, பற்களை மெதுவாகத் தட்டிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒன்றாகத் தொடுகிறதா, அந்த ஒன்று முந்திக்கொள்கிறதா? பிறகு தாடையைப் பக்கவாட்டில் நகர்த்திப் பாருங்கள், அங்கேயும் இடிக்கலாம். முந்தினால் போன் செய்துவிட்டுப் போங்கள். காகிதத்தைக் கடித்ததும் உயரமான இடத்தில் நீலப் புள்ளி விழும், அதை மட்டும் தேய்த்துவிடுவார்கள். ஊசி தேவையில்லை. சிகிச்சைக்கு முன்பே கடித்தால் வலித்த பல் என்றால், முன்கூட்டியே உயரத்தைக் குறைத்துவிடும்படி கேட்பதிலும் தப்பில்லை. ராத்திரி பல் நறநறப்பவர்கள் அதைச் சொல்லிவைக்க வேண்டும்.

சுமை குறைப்பதில் மீதி உங்கள் கையில். கேப் போடும் வரை முறுக்கு, சீடை, கரும்பு, கொட்டைப்பாக்கு அந்தப் பக்கம் கூடாது. வலிக்கிறதா என்று நாக்கால் தள்ளிப் பார்ப்பதும், விரலால் தட்டிப் பார்ப்பதும்கூட நார்த்திசுவை நோகடிக்கும் வேலைதான், நிறையப் பேர் தெரியாமல் நாள் முழுக்கச் செய்கிறார்கள்.

எத்தனை நாள் பொறுக்கலாம்?

முதல் இரண்டு நாள் உச்சம். மூன்றாம் நாளிலிருந்து இறங்க வேண்டும். ஒரு வாரத்தில் மாத்திரை இல்லாமல் ஓட்ட முடிய வேண்டும். அழுத்திக் கடித்தால் மட்டும் லேசாக நோவது இரண்டு வாரம் நின்றாலும் பயமில்லை. திசைதான் முக்கியம், நாளுக்கு நாள் குறைகிறதா என்று பாருங்கள். குறைந்து வந்தது திரும்ப ஏறினால், காலண்டரைப் பார்க்காமல் கிளம்புங்கள்.

அன்றைக்கே போக வேண்டியவை வேறு. தாடைக்கடியிலோ கண்ணைச் சுற்றியோ பரவும் வீக்கம், வாய் திறக்க முடியாமை, விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம், குளிர்க்காய்ச்சல் இருந்தால் கிளினிக் அல்ல, நேராகப் பெரிய ஆஸ்பத்திரி. கீழ்க் கடைவாய்ப்பல் சிகிச்சைக்கு மறுநாளும் கீழுதடு மரத்தே கிடந்தால், அடைப்புப் பொருள் தாடை நரம்புக் குழாய்க்குள் போயிருக்கலாம். அதுவும் அன்றைக்கே பார்க்க வேண்டிய அவசரம்.

தற்காலிக அடைப்பு உடைந்து விழுந்துவிட்டால் வலி இல்லாவிட்டாலும் ஓரிரு நாளுக்குள் போய் அடைத்துக்கொள்ளுங்கள், எச்சில் உள்ளே இறங்கினால் செய்த வேலை பாழ். முழுதாக இருந்தாலும் அது சில வாரங்களுக்கான சரக்குதான். கடைவாய்ப்பல்லுக்கு ஒரு மாதத்துக்குள் கேப் போட வேண்டும். வலி நின்றுவிட்டது, கேப் எதற்கு என்று தள்ளிப்போட்ட பல்தான் ஒருநாள் பிளந்துகொண்டு திரும்பி வரும்.

மாதம் கடந்தும் வலித்தால்

இங்கே மாத்திரையை மதிப்பிடுவதில் அர்த்தமில்லை. எதற்காக வலிக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும், வலியின் குணமே பாதி சொல்லிவிடும்.

சூடான காபி பட்டால் வலி கிளம்பி நெடுநேரம் நிற்கிறதா? வேருக்குள் ஓடும் கால்வாய்களில் ஒன்று சுத்தம் செய்யாமல் விட்டுப்போயிருக்கலாம், அல்லது பக்கத்துப் பல்லில் புதுச் சொத்தை. மேல் முதல் கடைவாய்ப்பல்லுக்கு மூன்று வேர் என்றாலும் நான்காவது கால்வாய் ஒன்று முன்கன்ன வேரில் ஒளிந்திருப்பது மிகச் சாதாரணம், சாதாரண எக்ஸ்ரேயில் அது பெரும்பாலும் தெரியாது. கடிக்கும்போதைவிடக் கடியை விடும்போது சுரீர் என்றால் விரிசலைச் சந்தேகிக்க வேண்டும். ஈறைச் சுற்றி அளக்கும்போது ஒரே ஒரு இடத்தில் மட்டும் கருவி ஆழமாக இறங்கினால் வேரே பிளந்திருக்கலாம், அப்படியானால் அந்தப் பல்லைக் காப்பாற்றுவது கடினம். ஈறில் சின்னப் பரு வந்து வந்து அமுங்கினால், வலி இல்லாவிட்டாலும் வேர் நுனியில் சீழ் வடிந்துகொண்டிருக்கிறது.

குனிந்தாலோ படி இறங்கினாலோ மேல் கடைவாய்ப் பற்கள் நாலைந்தும் சேர்ந்து கனத்தால் சைனஸ். காலையில் எழும்போது தாடை இறுகி, கன்னச் சதையை அழுத்தினால் அதே பல் வலி கிளம்பினால் குற்றவாளி தசை. முகத்தில் காற்று பட்டாலோ, முகம் கழுவினாலோ மின்சாரம் பாய்ந்தது போல நொடி நேரம் வெட்டினால் அது முகத்து உணர்வு நரம்பின் கோளாறு, நரம்பியல் டாக்டரின் வேலை.

ஆறு மாதம் தாண்டியும் வலி நீடிப்பவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் இருப்பதாக 2010இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று கணக்கிட்டது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் காரணம் பல்லே இல்லை. "பேசாம பிடுங்கிடுங்க டாக்டர்" என்று கேட்கத் தோன்றும் கட்டம் இது. நரம்புவழி வலியாக இருந்தால் பல்லைப் பிடுங்கினாலும் வலி பிடுங்கிய இடத்திலேயே நிற்கும், பிறகு பக்கத்துப் பல்லையும் பிடுங்கச் சொல்லும். பழைய எக்ஸ்ரேயில் வேர் நுனியில் கறுப்பு தெரிகிறது என்பதை மட்டும் வைத்தும் முடிவெடுக்க முடியாது. நன்றாக நடந்த சிகிச்சையிலும் எலும்பு மறுபடி நிரம்ப ஆறு மாதம் முதல் ஒரு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். முதல் நாள் படத்தோடு ஒப்பிட்டு, கறுப்பு சுருங்குகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

இரண்டாம் கருத்துக்குப் போவதானால் பல் மருத்துவ மேற்படிப்பான எம்.டி.எஸ். பட்டத்தில் கன்சர்வேட்டிவ் டென்டிஸ்ட்ரி அண்ட் எண்டோடான்டிக்ஸ் பிரிவு படித்தவரைத் தேடுங்கள், வேர் சிகிச்சைக்கான சிறப்புப் படிப்பு அதுதான். பணம் இடித்தால் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியிலும் அந்தத் துறை இருக்கிறது, காத்திருக்கப் பொறுமை வேண்டும். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரே படங்களை முதல் கிளினிக்கிலிருந்து கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். நுண்ணோக்கி வைத்துப் பார்ப்பார்களா, முப்பரிமாணப் படம் தரும் சி.பி.சி.டி. ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். ஸ்கேன் எடுப்பதானால் முழுத் தாடைக்கும் வேண்டாம், அந்தப் பல்லைச் சுற்றிய சிறு பகுதி போதும்: படமும் துல்லியம், கதிர்வீச்சும் செலவும் குறைவு. போகும் அன்று காலை வலி மாத்திரை போடாதீர்கள், எந்தப் பல் என்று தட்டிப் பார்க்கும்போது வலி இருந்தால்தான் கண்டுபிடிக்க முடியும்.